நஞ்சம்மா வேலியோரம் நின்றாள்

அப்பா,

நேற்று ஊறப்போட்ட அவரைக்கொட்டையின் பச்சை வாசம் வீடெல்லாம் ஏறிவிட்டது. மார்கழி வந்தால் நம் தளி ஊர்ப் பக்கத்தில் இது தப்பாது. சேர்ந்து உட்கார்ந்து தோல் பிதுக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கூப்பிட்டார்கள். தலைவலி என்று பொய் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே பிதுக்கி முடித்தேன்.

அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து அம்மை நோயோடு வந்து செத்துப்போனபோது, நாடு விடுதலையாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. எனக்கு ஆறு வயது. "இவ ஒருத்தியாவது மிஞ்சட்டும். படிப்பை நானே சொல்லித் தரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலிப்படலை இழுத்துக் கட்டினீர்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, பின்னக் கணக்கு, எல்லாம் சொல்லித் தந்தீர்கள். படிப்பில் குறை சொல்ல மாட்டேன். சண்டை போடத்தான் ஆளில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவரை காய்த்துக் கொட்டியது. அம்மாவின் கை போதாமல், பக்கத்து நிலத்து நஞ்சம்மாவை உள்ளே விட்டீர்கள். என் வயதுக்காரி. அவள் பிதுக்கிய பருப்பொன்று வேண்டுமென்றே என் மூக்கில் வந்து தெறித்தது. விளையாட்டு என்று எனக்கெப்படித் தெரியும்? அழுதுகொண்டு உங்களிடம் ஓடினேன். நீங்கள் அவளை அதட்டினீர்கள். சுண்டுவிரலை என் முன் நீட்டி, "காய்! இனி உன்கூட பேச மாட்டேன், போ" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இரண்டு விரல்களைச் சேர்த்து என்னைப் பார்த்து நீட்டினாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

"என்னப்பா காட்டுறா?"

"ஒண்ணுமில்ல, நீ கணக்கைப் பாரு."

அப்புறம் அவள் வரவேயில்லை.

என் மகள் ஒருநாள் தோழியிடம் காய் விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலமே அந்த இரண்டு விரலை நீட்டி, "பழம்" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்போது நீங்கள் கடைசிப் படுக்கையில் இருந்தீர்கள். நேரே வந்து, அன்றைக்கு நஞ்சம்மா காட்டியது பழம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்மா" என்றீர்கள். "அவ பின்னாடி நீ போனா, அண்ணன் மாதிரியே திரும்பி வருவியோன்னு பயந்துட்டேன்."

உயிரோடு வைத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பயத்தைத் திட்டவும் மனம் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை. இந்த வயதிலும் ஒருவர் முகம் சுளித்தால், உறவு அதோடு தீர்ந்தது என்றே ஒதுங்கிவிடுகிறேன்.

இதை எழுதும்போதே பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுகிறாள். "அக்கா, தலைவலி தேவலையா? பருப்பு கொழம்பு கொண்டாந்திருக்கேன்." எழுந்து போக வேண்டும் என்றுதான் இருக்கிறது அப்பா. அவள் போகும்வரை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.