நான் எழுதித்தராத மன்னிப்பு

குஷிரோ,
அக்டோபர் 9.

அன்புள்ள தம்பி கென்சாகுவுக்கு,

அக்கா சிஹாரு எழுதுவது. இங்கே நானும் என் சலூனும் நலம். நீ நலமா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்க எனக்கு வராது. நடிப்பு உன் தொழில். டோக்கியோவின் வாரப் பத்திரிகைகள் ஒன்று விடாமல் உன் முகத்தைப் போட்டிருக்கின்றன. சாயோவின் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டார்கள், கையிலிருக்கும் முள்ளங்கி பளிச்சென்று தெரிகிறது. ரசிகர்களுக்குச் சொல்லாமல் கட்டியிருந்தாலும், கட்டிய மனைவியோடு காய் வாங்கப் போனவனைத் திருடனைப் பிடித்த மாதிரிப் படம் எடுத்திருக்கிறார்கள்.

நீ அனுப்பிய உறை நேற்று வந்தது. உள்ளே உன் நிறுவனம் தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம், நான்கு நல்ல தாள்கள், உன் துண்டுச் சீட்டு. "வழக்கம்போல அழகா எழுதி வியாழனுக்குள்ள அனுப்பிடுக்கா. கையால எழுதினாத்தான் ரசிகர்கள் நம்புவாங்களாம்."

வழக்கம்போல! நீ பாட்டுக் குழுவில் சேர்ந்து மேடையேறிய வருடம், உன் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது என்று நிறுவனம் முகம் சுளித்தது. அன்றிலிருந்து பதினெட்டு வருடமாக ரசிகர் மன்றத்துக்குப் போகும் உன் புத்தாண்டு வாழ்த்தெல்லாம் என் கையெழுத்து. அவர் மனசு மாதிரியே எழுத்தும் என்று ரசிகைகள் உருகியதைப் படித்து நாம் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அதற்கு முன்னால், உன் பன்னிரண்டாவது வயதில், உன் முடியை வெட்டிப் படம் எடுத்து, உன்னைக் கேட்காமலே விண்ணப்பம் போட்டவளும் நான்தான். பாட்டும் ஆட்டமும் என் உயிர் என்று எழுதினேன். அப்போது உன் உயிர் பேஸ்பால்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "என் கவனக்குறைவால் நேர்ந்த திருமணம்" என்கிறது. ரசிகர்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்கிறது. சாயோவுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாளைக்கு அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, தான் ஒரு கவனக்குறைவு என்று அத்தையின் கையெழுத்தில் படிக்க வேண்டுமா? முடியாதுடா. எழுத மாட்டேன்.

இன்று காலை உன் மேலாளர் குராமோச்சி போன் செய்தார். "ரெண்டு பக்கம்தானே அக்கா, கண்ண மூடிக்கிட்டு எழுதிக் குடுத்துருங்க. இல்லேன்னா ஜனவரித் தொடர்ல அவருக்கு இடமில்ல" என்று தேனாகப் பேசினார். "கண்ண மூடிக்கிட்டு எழுதினா அவன் எழுத்து மாதிரிதான் வரும், அதுக்கு அவனே எழுதட்டும்" என்றேன். "உங்க பொண்டாட்டியக் கட்டிக்கிட்டதுக்கு நீங்க எத்தனை பக்கம் எழுதினீங்க?" என்றும் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஜனவரித் தொடர் எனக்குச் சாதாரணம் என்று நினைக்காதே. சரித்திரத் தொடர்களில் பிணமாகவும் தூதுவனாகவும் நடித்து நடித்து, இப்போதுதான் உன்னைக் குதிரைமேல் ஏற்றியிருக்கிறார்கள். அது போனால் எனக்கும் வயிறு எரியும். எரிந்தாலும் எழுத மாட்டேன்.

ஊர்ச் செய்தியும் கேள். மீன் சந்தை வாத்தானுகி அம்மா முடி சுருட்டிக்கொள்ள வந்து சண்டைக்கு நின்றார். "முப்பத்தஞ்சு வயசு ஆம்பளைக்குக் கல்யாணம் ஆனதுக்கு எதுக்குடி மன்னிப்பு? அவன் கச்சேரியில ஆட்டுறதுக்குன்னு வாங்கின பச்சை விளக்கு, நான் சாகுற வரைக்கும் எரியும்" என்கிறார். ஆனால் நர்சிங் படிக்கும் ஹினானோ வேறு மாதிரி. பையில் குத்தியிருந்த உன் படத்தைக் கழற்றி என் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு அழுதாள். "பரீட்சைக்கு முன்னாடி அவர் எழுதின வாழ்த்தப் பாத்துட்டுத்தான் போவேன். அதுவும் பொய்யா?" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எழுத்து என்னுடையது, வார்த்தைகள் உன்னுடையவை, ஒவ்வொரு வருடமும் நீ போனில் சொல்லச் சொல்ல எழுதினேன் என்றேன். பக்கத்து நாற்காலியில் வாத்தானுகி அம்மா வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இந்நேரம் சந்தையில் மீனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆகவே இனி நானே ஆசைப்பட்டாலும் உனக்காக எழுத முடியாது. தெரிந்துதான் செய்தேன்.

நிறுவனத்தின் கடிதம் வெட்டிய முடியோடு குப்பைக்குப் போயிற்று. நான்கு தாள்களையும் வெறுமையாகவே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ரசிகர்களுக்கு ஏதாவது சொல்லத்தான் வேண்டும், ஹினானோவின் அழுகை எனக்கும் மறக்காது. மறைத்ததற்கு வருத்தம் சொல், மணந்ததற்குச் சொல்லாதே. முதல் வரியில் சாயோவின் பெயரை எழுது. கோழி கிண்டட்டும்.

சாயோவைக் குளிரில் அலையவிடாதே. இத்தனை வருடம் எல்லோர் முன்னாலும் குனிந்துவிட்டாய். இனி குனிவதென்றால் உன் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடக் குனி. அதுதான் அக்காவின் ஆசீர்வாதம்.

ஹினானோ அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கொஞ்சம் திட்டிவிட்டு, "அப்போ அவரோட சொந்த எழுத்து எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். உன் படம் இன்னும் என் கண்ணாடி முன்னால்தான் இருக்கிறது. பதில் வந்த பிறகு எடுத்துக்கொள்கிறாளாம்.

உன் பெயரில் இனி ஒரு வரியும் எழுதாத,
அக்கா சிஹாரு.