எச்சம் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இல்லை. ஆற்றங்கரையில் பன்னிரண்டு இடங்கள். வாராவாரம் கல் கல்லாகக் குனிந்து, நீர்நாயின் எச்சம் கிடக்கிறதா என்று தேட வேண்டும். கறுப்பாக, மீன்முள்ளும் செதிலுமாக இருக்கும். அதை வைத்துத்தான் நீர்நாய் இருக்கிறதா என்று சொல்ல முடியும். ஐந்து வாரமாக ஒன்றுமில்லை.

நாற்பத்திரண்டு வயதில் வங்கி வேலையை உதறிவிட்டு, வனவிலங்குப் பாதுகாப்பும் நாட்டுப்புற நில மேலாண்மையும் படிக்கப் பல்கலைக்கழகம் வந்தவள் நான். வீட்டில் இவர் கேட்கிறார்: "அது வெளிக்குப் போனதைத் தேடறதுக்கா மூணு வருஷப் படிப்பு?" சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஆறாவது இடத்தில் நிற்கும்போது பள்ளியிலிருந்து போன். மகள் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடினேன்.

அவளுக்கு மாவுக்கட்டு போடும் அறைக்கு வெளியே உட்கார்ந்து, மீதி ஆறு இடங்களுக்கும் அட்டவணையில் 'எச்சம் இல்லை' என்று எழுதி முடித்தேன். இத்தனை வாரமாக வராதது இன்றைக்குத்தானா வந்து உட்கார்ந்திருக்கப் போகிறது?

மார்ச் 18, செவ்வாய்

அவளுக்குத் தலை வார, சட்டை மாட்ட, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். ஆற்றுப் பக்கமே போகவில்லை.

பன்னிரண்டுக்கும் 'இல்லை'. போன வாரத்தை விட இன்று கை தயங்கவே இல்லை.

மார்ச் 20, வியாழன்

துறைத்தலைவர் கூப்பிட்டுப் பாராட்டினார். ஆற்றுப் பராமரிப்பு அலுவலகம் என் அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொண்டதாம். எட்டாவது இடத்திலிருந்து பத்தாவது வரை கரையை மழித்துச் சுவர் கட்டப் போகிறார்கள். விலங்கு எதுவும் இல்லை என்பதால் அனுமதி கிடைத்துவிட்டது.

"படிக்கும்போதே உங்க வேலை பயன்படுது. எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?" என்றார்.

நன்றி மேடம் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

கொக்குடன் போனேன். என் வகுப்புத் தோழிக்கு நான் வைத்த பெயர் அது; என்னில் பாதி வயது, என்னைப்போல் ஒன்றரை உயரம். ஒன்பதாவது இடத்தில் அவள்தான் முதலில் பார்த்தாள். ஈரம் காயாத எச்சம். மேலே, மரவேர்களுக்கு நடுவே ஒரு வளை. உள்ளேயிருந்து மெல்லிய கீச்சுக்குரல்.

"அக்கா! குட்டிங்கக்கா!" என்று கட்டிப்பிடித்துக் குதித்தாள். "போன வாரம் இல்லையாக்கா?"

இல்லை என்றேன்.

புதிய எச்சத்துக்கு அடியில் பழையது. காய்ந்து, வெளுத்து, விரல் பட்டால் உதிர்கிறது. இரண்டு வாரமாவது இருக்கும்.

வெள்ளிக்கிழமை புல்டோசர் வருகிறது.

மார்ச் 26, புதன்

ஆற்றுப் பராமரிப்பு அலுவலகப் பொறியாளரிடம் போனில் சொன்னேன். "வழியில வந்துட்டுப் போற விலங்கா இருக்கும்மா. தொடர்ந்து இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? ஒரு தடவை பாத்ததுக்காக வேலையை நிறுத்த முடியாது."

அட்டவணை பொய் என்று சொன்னால் நிற்கும். சொன்னால் என் படிப்பும் நிற்கும்.

மார்ச் 27, வியாழன்

சொல்லவில்லை.

துறைத்தலைவரின் கதவு வரை இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை அவரே வெளியே வந்து "ஏதாவது வேணுமா?" என்றார். நூலகச் சாவி பற்றி ஏதோ உளறினேன். ச்சீ. நீயெல்லாம் எதுக்குடீ இந்தப் படிப்புக்கு வந்த? வேலையை விட்டு, வீட்டைப் போட்டுப் படுத்தி— இதுக்கா?

மார்ச் 28, வெள்ளி

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டாவது இடம் வெறும் சேறு. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளுங்கம்மா, அடிபட்டுடப் போறீங்க!" புல்டோசர்க்காரர் இறங்கி வந்தார். அவர் முன்னால்தான் பொறியாளருக்குப் போன் செய்தேன். "ரெண்டு வாரம் நான் பாக்கவே இல்ல சார். பாக்காமலே இல்லைன்னு எழுதினேன். பொய்."

அவர், "எழுத்துல குடுங்க. வந்ததும் நிறுத்தறேன்."

எழுதி அனுப்ப நேரமாகுமே என்று நான் திகைத்து நிற்க, புல்டோசர்க்காரர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எஞ்சின் ரொம்ப சூடாயிடுச்சு. ஆறட்டும். நீங்க எழுதுங்க."

மண்ணில் உட்கார்ந்து எழுதினேன். கடிதத்தை அலுவலகத்துக்கும் துறைத்தலைவருக்கும் அனுப்பினேன். வேலை நின்றது.

ஏப்ரல் 8, செவ்வாய்

விசாரணை முடியும்வரை வளைப் பக்கம் போக எனக்குத் தடை. கொக்கு போய்ப் பார்த்தாள். சத்தம் இல்லை. புது எச்சம் இல்லை. "அம்மா தூக்கிட்டுப் போயிருக்கும்க்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

போயிருக்கலாம். வண்டிச் சத்தத்தில் விட்டுவிட்டும் ஓடியிருக்கலாம். நான் வியாழக்கிழமையே சொல்லியிருந்தால்—

ஏப்ரல் 16, புதன்

ஆய்வேடு ரத்து. பெயர் நீக்கம். இரண்டு ஆண்டு கழித்து வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம். துறைத்தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

வீட்டில் இவர், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். அது போதாதா?

ஏப்ரல் 30

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

சதுப்புநிலக் காப்பகத்தில் களை பறிக்க, வேலி கட்ட ஆள் தேவை என்று விளம்பரம். போனேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதுண்டா? பதிலுக்கு விட்டிருந்த இடம் ஒரே ஒரு வரி. தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினேன்.

மேற்பார்வையாளர் அம்மா நின்றபடியே படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார்.

"பாத்ததை மட்டும்தான் எழுதணும் இங்க."

"சரிங்க."

"செருப்பு ஆகாது. நாளைக்கு பூட்ஸ் போட்டுட்டு வாங்க."