உப்பங்கரைப் பள்ளியின் இரு மணற்குவியல்கள்

நலம் பெருகுக. மூன்று புறமும் கடல் சூழ்ந்த பவழத்துறை நாட்டை ஆளும் அரசி, கலம் ஏறிச் சென்றோர் கரை திரும்பக் காவல் நிற்பவர், குடிகளின் குறை கேட்க நாளும் வாயில் திறந்து வைப்பவர், ஆதிரைமாதேவியார் திருவாய் மலர்ந்தபடி ஓலைநாயகன் கூத்தன் பெருநம்பி எழுதிய ஓலை. உப்பங்கரைக் கோட்டத்தின் தலைவர் வல்லபன் ஏறனார் காண்க. உம் கோட்டத்து உப்புப் பாத்திகளில் வெயில் தவறாது காய்க. ஏரிகள் கரை தளும்ப நிறைக. குழந்தைகள் யாவரும் நோயின்றி வாழ்க. இவ்விடத்தில் உம் வீரத்தையும் கொடையையும் ஐந்தாறு அடிகளில் பாராட்டுவது மரபு. இம்முறை அவை வேண்டா என்று தேவியார் சொல்லிவிட்டார். ஆகவே ஓலை நேரே செய்திக்கு வருகிறது.

எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்ப் படிக்க வேண்டும் என்று தேவியார் ஊர்தோறும் பள்ளி அமைத்ததை நீர் அறிவீர். கூரை ஒன்றானது, உள்ளம் ஒன்றானதா என்று அறிய விரும்பினார் அவர். பெரியவர்களைக் கேட்டால் பெரியவர்களுக்கு ஏற்ற விடைதான் வரும் என்பதால், பிள்ளைகளையே கேட்டு வருமாறு கேள்வி அதிகாரி சாத்தங்கண்ணியாரை அனுப்பினார். பள்ளியில் உனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது, யார் பக்கத்தில் உட்கார விரும்புகிறாய், யார் பக்கத்தில் மாட்டாய், ஏன்: கேட்க வேண்டியவை இவ்வளவே. பிள்ளைகள் சொல்வதை நம் நடைக்கு மாற்றாமல், அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வர வேண்டும் என்பதும் ஆணை.

சாத்தங்கண்ணியார் திரும்பி வருமுன்பே உம் மடல் அரண்மனைக்கு வந்துவிட்டது. உம் கோட்டத்துப் பிள்ளைகளிடையே வேற்றுமை என்ற பேச்சே இல்லை என்று அதில் எழுதியிருந்தீர். உப்பு வாருவோர் பிள்ளைகள் மட்டும் எழுத்தில் பின்தங்கியிருப்பதாகவும், அது அவர்களுடைய பிறவிக் குணம் என்றும், அதற்குத் தலைவர் என்ன செய்ய முடியும் என்றும் கூடவே வருந்தியிருந்தீர். தேவியார் அதைப் படித்து உம்மேல் இரக்கம் கூடக் கொண்டார். அந்த இரக்கத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறார்.

முதல் நாள் உம் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே விடையைச் சொன்னார்கள். "எல்லாரும் எங்க கூடப் பொறந்தவங்க மாதிரிதான்" என்று வாய்ப்பாடு ஒப்பிக்கும் அதே இராகத்தில், அதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார்கள். யாருடைய காதில் பூச்சுற்றப் பார்த்தீர், ஏறனாரே? சாத்தங்கண்ணியார் ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பிள்ளை எப்போது தானாகப் பேசுகிறது, எப்போது கிளிப்பிள்ளையாகப் பேசுகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் ஆசிரியரை அங்காடிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளோடு பூவரச மரத்தடியில் கல்லாங்காய் ஆடிக்கொண்டே ஒவ்வொருவராகக் கேட்டார்.

செக்கு வைத்திருப்பவர் மகன் பொன்னன் சொன்னது: "நொச்சி பக்கத்துல ஒக்காரத்தான் ஆசை. கணக்கு பட்டுனு சொல்லுவா. ஆனா அவங்க எழுதுற மணலு நம்ம மேல பட்டுச்சுன்னா கை கால் கழுவிட்டுத்தான் உள்ள வரணுமாம். வாத்தியார் சொல்லிருக்காரு. வெளையாடையில பட்டா ஒண்ணுமில்ல. எழுதையில பட்டாத்தான்."

நொச்சி என்பவள் உப்பு வாரும் மாசாத்தியின் மகள், பத்து வயது. அவள் சொன்னது: "பள்ளிக்கூடம் புடிக்கும். மணலுதான் புடிக்கல. அவங்களுக்கு ஆத்து மணலு. எங்களுக்கு மட்டும் உப்பளத்து ஓரத்து மணலு. அது நசநசன்னு ஈரம் குடிச்சிட்டே இருக்கும். 'அ' போட்டா சுழியே நிக்காது, கட்டி கட்டியாப் போயிரும். வாத்தியார் வந்து பாத்துட்டு, ஒனக்கெல்லாம் எழுத்து வராதுன்னு கொட்டுவாரு. ஒருநாள் அவர் இல்லாதப்ப ஆத்து மணல்ல எழுதிப் பாத்தேன். நல்லாத்தான் வந்துச்சு."

சாத்தங்கண்ணியார் எழுதி வந்த ஏட்டில் இவ்விடம் வந்ததும் தேவியார் படிப்பதை நிறுத்தச் சொன்னார். உப்புக் கலந்த மணல் ஈரம் இழுக்கும் என்பது உப்பு விற்றே செழித்த உமக்கா தெரியாது? நனைந்த மணலைப் பிள்ளையின் முன் கொட்டிவிட்டு, எழுத்து நிற்கவில்லை என்று அவள் பிறப்பின்மேல் பழி போட்டீர். அதைப் பார்த்துப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் நம்பத் தொடங்கினார்கள். அவளோடு படிக்கும் உப்பளத்துப் பிள்ளைகளில் சிலர், தமக்கு மூளை இல்லை என்று தாமே சொல்லியிருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையும் தன்னைப் பற்றிச் சொன்ன சொல் அது. எழுதும்போது கை கூசுகிறது.

இதற்குப் பின்னும் நீர் சும்மா இருந்தீரா? மரத்தடியில் பேசியது உம் காதுக்கு எட்டியதும், நொச்சி பொய் சொன்னதாகச் சொல்லி அவளைப் பள்ளியை விட்டு விரட்டினீர். சபை நடுவில் நின்று தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ளும்வரை அவள் தாய் அளத்தில் இறங்கக் கூடாது என்று தடுத்தீர். அடுப்பெரியாத வீட்டில் இருந்தும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை என்று சாத்தங்கண்ணியார் கண் கலங்கச் சொன்னார். உம் இரண்டாம் மடலோ, பிள்ளைகளிடம் இப்படியெல்லாம் கேட்பதுதான் இல்லாத வேற்றுமையை அவர்கள் மனத்தில் விதைக்கிறது என்று தேவியாருக்கே பாடம் சொல்கிறது. இரு குவியல் மணலைக் கொட்டியவர் நீர், விதைத்தவர் கேட்டவராம்! எவ்வளவு துணிச்சல் உமக்கு!

தேவியார் சினந்து எழுந்ததை அவை கண்டது. உம்மைப் பதவி நீக்கும் ஓலைக்கு ஏடு கூட நறுக்கி ஆயிற்று. அதில் இலச்சினை இடுமுன், நேர்மை கருதி, அதே கேள்வியை அரண்மனைப் பள்ளியிலும் கேட்க வேண்டும் என்றார் அவர். ஒன்பது வயது இளவரசர் சேந்தனை அழைத்து, யார் உன் பக்கத்தில் உட்காரலாம் என்று தாமே கேட்டார்.

இளவரசர் சிரித்துக்கொண்டே சொன்னது: "யாரு வேணும்னாலும் உக்காரலாம் அம்மா. நான் பலகையில, அவங்க தரையில. குதிரைக்காரன் மகன் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம்." இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தேவியார் கேட்டார். "யாரும் சொல்லல. அப்படித்தானே தெனமும் இருக்கு? நீங்களும் பாத்தீங்களே!"

பிள்ளையின் முகத்தில் கள்ளம் துளியும் இல்லாததுதான் தேவியாரை உலுக்கியது. சினம் தணிந்ததென்று எண்ணிவிடாதீர். உம்மேல் இருந்தது அப்படியே இருக்க, தம்மேலும் அவ்வளவு சினம் கொண்டார். பதவி நீக்கும் ஏட்டைக் கிழித்துப் போட்டு, இந்த ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட அன்றே மாசாத்தி அளத்தில் இறங்குவார். தடுத்த நாள்களின் கூலி உம் களஞ்சியத்திலிருந்து அவர் வீடு சேரும். அளத்து மணலை நீரும் ஆசிரியரும் உங்கள் தலையில் சுமந்து கடலில் கொட்டுவீர்கள். பிள்ளைகள் அனைவருக்கும் ஆற்று மணல் ஒரே குவியலாக வரும். பின்னர் நீர் மாசாத்தியின் வாசலுக்குப் போய், நொச்சி சொன்னது மெய் என்று தெருவே கேட்கச் சொல்லி, அவளைப் பள்ளிக்கு அழைப்பீர். வர மறுத்தால் மறுநாளும் போவீர். அவள் வந்து அமரும்வரை நீர் தலைவர் இருக்கையில் அமரலாகாது.

இன்னும் ஒன்று. இவ்வோலையை உம் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கும் சிறுவனைப் பாரும். குடை பிடிப்பாரும் பல்லக்குச் சுமப்பாரும் இன்றிச் சாத்தங்கண்ணியாரோடு படகில் வந்த அவன்தான் இளவரசர் சேந்தன். இனி அவன் உம் பள்ளியில் படிப்பான். பலகை கிடையாது. எங்கே உட்காருவது என்று அவன் நொச்சியைக் கேட்க வேண்டும். உட்கார வேண்டாம் என்று அவள் சொன்னால், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று படிக்கட்டும்.

இது மாதேவியாரின் சொல், மாற்றுவார் எவருமிலர். கலமும் அலையும் பொறித்த இலச்சினையை, பெற்ற மகனைப் படகேற்றிவிட்டு வந்த கையால் அவரே இட்டார்.