நானாவின் இருபத்திரண்டாவது பிறந்தநாள்

ஜூன் 3, செவ்வாய்

மழை. டன்லப் தெருவில் ஆளே இல்லை. கடையில் அத்தா கைலிக் கட்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

நானாவுக்கு, என் ஒரே அண்ணனுக்கு, கடிதம் வந்திருக்கிறது. இருபத்திரண்டு வயது ஆவதற்குள் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டுமாம், அம்மாவின் நாட்டுக் கடவுச்சீட்டை விட வேண்டுமாம். இல்லாவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும். வரச் சொல்லியிருப்பது செப்டம்பர் 12, காலை பத்து மணி.

எனக்கு இதெல்லாம் இல்லை. நான் இங்கே பிறந்தவள். நானா பிறந்தது பிலிப்பீன்ஸில், இலோய்லோவில். தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான் என்று அத்தாவே அம்மாவை ஏழாம் மாதம் விமானம் ஏற்றி அனுப்பினாராம். "எங்க ஊர்ல அப்படி வழக்கமே கிடையாது. உங்க அத்தா கேட்டாத்தானே" என்று அம்மா இன்றும் சொன்னாள்.

பக்கத்துப் பூக்கடை துரைசாமி அங்கிள் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், மகன் எப்பதான் கோல் போடுவான்?"

"பெஞ்சுல உக்காந்து எப்படிலா போடுவான்?"

"பெஞ்சையும் ஒருத்தன் பாத்துக்கணும்ல."

அத்தாவும் சிரித்தார்.

ஜூன் 20

இந்த சீசன் முழுக்க நானாவை இறக்கியது பதினோரு நிமிடம். இப்போது பிலிப்பீன்ஸில், செபுவில் ஒரு கால்பந்து கிளப் கூப்பிடுகிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடமெல்லாம் நிரம்பிவிட்டது. உள்ளூர்க்காரனாக வந்தால் முதல் பதினொன்றில் இடம் உண்டு. அதாவது, அம்மாவின் கடவுச்சீட்டோடு.

நானா பாலிடெக்னிக்கை விட்டதிலிருந்து அவனும் அத்தாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "நானாகிட்ட சொல்லு." "அத்தாகிட்ட சொல்லிடு." உயர்நிலை மூன்று வரை வகுப்பில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு பள்ளிக்கே போகாமல் நின்றுவிட்ட எனக்கு வீட்டில் இந்தத் தூது வேலை.

ஜூலை 11

விமான நிலையம். இரண்டு மாதம் ஆடிவிட்டு வருவான் என்றுதான் அத்தா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தள்ளுவண்டி எடுக்கப் போனபோது நானா சொன்னான்.

"செப்டம்பர் பன்னெண்டாம் தேதிக்கு நான் வரமாட்டேன் மர்யம். அம்மாக்குத் தெரியும். அத்தாகிட்ட மெதுவா சொல்லிடு, ஓகே?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஆகஸ்ட் 2

இன்னும் சொல்லவில்லை. அம்மா ஒருமுறை கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 24

கடை நாட்காட்டியில் செப்டம்பர் 12-ஐ அத்தா வட்டமிட்டிருக்கிறார்.

"அத்தா."

"என்னம்மா?"

"டீ வாங்கிட்டு வரவா?"

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அத்தா கடையைத் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நானா காலை விமானத்தில் இறங்கி நேரே லாவண்டர் குடிநுழைவு அலுவலகத்துக்கே வந்துவிடுவான் என்றார். அப்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நானும்தான். மார்சிலிங்கிலிருந்து ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனேன்.

பத்து. பத்தரை. அத்தா போன் போட்டார், நானா எடுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு எனக்கு மெசேஜ் வந்தது: "நீ சொல்லலையா?"

அத்தா என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஏர்போர்ட்லேர்ந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.  எழுந்தார். "வா. கடையைத் தொறக்கணும்."

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

செப்டம்பர் 14

நானாவுக்கு இருபத்திரண்டு. அம்மா பிறந்தநாள் நூடுல்ஸ் செய்தாள், அவள் ஊர்ப் பழக்கம். அத்தா ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத் தொழப் போனார். இனி நானா இங்கே வந்தால் வெளிநாட்டார் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "என்னை அங்க அனுப்புனது யாரு? நான் கேட்டேனா?" அத்தா இல்லாத சமயம் பார்த்துத்தான் சொன்னாள்.

அக்டோபர் 9

இப்போதெல்லாம் யாரும் என்னிடம் எதையும் சொல்லி அனுப்புவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

தெருவில் நடக்க இடமில்லை. நான்கு மணிக்கு நானாவின் ஆட்டம். போனைக் கைலிக் கட்டின்மேல் சாய்த்துவைத்து, சத்தத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா ஒரு வாடிக்கையாளருக்குக் கைலி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

போனில் ஒருவன் "யூசுப்! யூசுப்!" என்று கத்தினான்.

அத்தா திரும்பினார். "யாரு என்னைக் கூப்புடுறா?"

இங்கே நானாவின் சட்டையில் அதீஃப் என்றுதான் இருக்கும். அங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். இலோய்லோ மருத்துவமனையில் அத்தாவின் பெயரையே அப்படி எழுதிக்கொண்டார்களாம். அவன் முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அத்தா விரித்த கைலியை அப்படியே விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார். துரைசாமி அங்கிளும் வந்துவிட்டார். "பாய், உங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுறான் பாருங்க. விழாம இருந்தா சரி."

 அத்தா ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். ஒன்றுக்கு ஒன்று.

அரைமணி நேரம் கழித்து, "அவன் நம்பரைப் போட்டுக் குடு" என்றார்.

"என்ன சொல்லணும் அத்தா?"

"நீ குடு. நான் பேசுறேன்."

சலாம்கூடச் சொல்லவில்லை. எடுத்ததுமே, "வலது பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கிறான், நீ திரும்பியே பாக்க மாட்டேங்கிற" என்று தொடங்கினார். அப்படியே பேசிக்கொண்டு கடைக்கு வெளியே போய்விட்டார்.

கல்லா முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களைக் கவனிக்கக் கடையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணே, எந்தக் கலர் பாக்குறீங்க?" என்று கேட்டேன். முதலில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக இன்னொரு தடவை கேட்டேன்.