சீட்டை மட்டும் நகர்த்தாதீங்க

3ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீயும் மகளும், புதிதாக வந்திருக்கும் குட்டி மகாராணியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழந்தைக்குத் துணி மாற்றுகிறாய். நான் ஒன்று சொன்னால் மகள் ஒன்று சொல்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறார், குழந்தை வீறிடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீசில் உன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவனுக்கு, உன்னிடம் தனியாகச் சொல்ல நாலு விஷயம் இருக்காதா?

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மேல்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை விடுவதாக இல்லை. செடிகளில் ஒன்று போய்விட்டது. எது என்று வந்து நீயே கண்டுபிடி. திங்கட்கிழமை ஒரு லிஃப்டைப் பழுதுபார்க்கும்போது அதன் கதவு என் இடது நடுவிரலைக் கடித்துவிட்டது. மூன்று தையல். பெரிதாக ஒன்றுமில்லை, சட்டைப் பொத்தான் போடத்தான் கால் மணி நேரம் ஆகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 18ஆம் தேதி ரயிலில் வருகிறோம், ஸ்டேஷனுக்கு அந்தக் காரைக் கொண்டு வாருங்கள் என்று நேற்று சொன்னாய். "அப்பா என்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த கார்லதான் என் பொண்ணும் முதல் தடவை வீட்டுக்கு வரணும்" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் ஆபீஸ் வேனை அன்றைக்குக் கேட்டு வாங்கி, பின்சீட்டை எல்லாம் கழுவி வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இனி அடிக்கப் போவதில்லை. அந்தக் காரை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த உன் முதல் வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிறது. ஊர் அதோடு நிறுத்திக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ஷெட்டுக்குப் போய் அந்தக் காரைக் கிளப்பி, சூடேறும் வரை அதற்குள் உட்கார்ந்திருப்பாய். இருபது நிமிடம். நான் சமையலறை ஜன்னலில் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னோடு நீ இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்ததுண்டா?

ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வரிசையாகச் சொன்னாய். காஸை மூடுங்க, செடிக்கு ஊத்துங்க, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கிளப்பிச் சூடேத்துங்க, சீட்டை மட்டும் நகர்த்தாதீங்க. அவர் ஆறடி. நான் ஐந்தேகால், அதுவும் செருப்போடு. இரண்டு மாதமாகச் சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு, உன் உத்தரவை மீறாமல், பெருவிரலால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷன் வரைக்கும் அப்படியே ஓட்டிவிடுவேன். வண்டி நன்றாக இருக்கிறது. கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் வீட்டு லிஃப்ட்காரன்

9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டீச்சருக்கு,

பதறாமல் படி. கார் கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையைத் துடைக்கலாம் என்று காரைக் கிளப்பி, வெளியே பத்தடி கொண்டு வந்து நிறுத்தி அணைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்காது. துடைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பினால் உறுமுகிறது, பற்றவில்லை. இரண்டு பேராகத் தள்ளி ஷெட்டில் விட்டோம்.

இரண்டாவது ஆள் யார் என்றால் முனையில் கடை வைத்திருக்கிறானே, நம் "பிஸ்டன்" மெக்கானிக். முப்பது வருஷமாக இன்ஜின் பிரிக்கிறவன். பானெட்டைத் திறந்தவன் அப்படியே நின்றான். "அண்ணே, இதுல பிஸ்டனே கிடையாதாமே" என்றான். அவனுடைய பட்டப்பெயருக்கே ஆபத்து வந்துவிட்டது. மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். மேலும் கீழும் போய்வருகிற எதுவும் என் பிழைப்பு, எனக்குப் புரியும். இதிலோ டப்பாவுக்குள் முக்கோணமாக ஒரு சாமான் சுற்றிச் சுற்றி வருகிறது. எந்த மனிதன் இப்படி ஒரு காரை வாங்குவான்? கொஞ்சம் தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிற மனிதன் வாங்குவான். வேண்டாம், இதோடு நிறுத்துகிறேன்.

டாஷ்போர்டு அறையில் அவர் எழுதி வைத்த சின்ன நோட்டு கிடைத்தது. முத்துமுத்தான கையெழுத்து, அதுவும் என் வயிற்றெரிச்சல்தான். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, சூடேறுவதற்குள் அணைக்கவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, பிளக்கெல்லாம் நனைந்துவிடுமாம். இது எனக்கு எப்படித் தெரியும்?

நோட்டில் இருந்தபடியே செய்தோம். பெட்ரோல் பம்ப் வயரைக் கழற்றினோம். நாலு பிளக்கையும் எடுத்தோம், நாலும் சொட்டச் சொட்ட ஈரம். இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டுத் தேங்கினதை வெளியேற்றினோம். ஷெட் முழுக்கப் பெட்ரோல் நாற்றம். முக்கோணத்தின் முனைகள் டப்பாவோடு ஒட்டி ஓடினால்தான் அழுத்தம் பிடிக்குமாம், அதற்காகப் பிளக் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில். பேட்டரி சார்ஜ் ஆயிற்று. எல்லாம் சரி. கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன்: ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளப்ப வேண்டும், பற்றியதும் காலை எடுத்துவிட வேண்டும்.

என் கால் பாதிதான் எட்டுகிறது. ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பற்றினால் காலை எடுக்க வேண்டும் என்று கட்டைக்குத் தெரியுமா? ஒரு முறை லேசாகப் பற்றி, இன்ஜின் அலறி, நான் கட்டையை உதைத்து, அதுவும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து. "சீட்டை முன்னால இழுத்துக்குங்கண்ணே" என்றான் பிஸ்டன். கூடாது என்றேன். யார் சொன்னது என்றான். வீட்டில் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, "நகருங்க, நான் உக்கார்றேன்" என்று ஏறி உட்கார்ந்தான்.

டீச்சர், அவனும் ஆறடி, அந்தச் சீட்டில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தான். முதுகு சாய்ந்திருக்கிறது, கால் தரையைத் தொடுகிறது. இறங்குடா என்று கத்திவிட்டேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சீட்டைக் கொஞ்சம் நகர்த்தலாமா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுது. போனில் சொல்லாதே. ஸ்பீக்கரில் இதற்குப் பதில் கேட்க எனக்குத் திராணி இல்லை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்

13ஆம் தேதி, சனிக்கிழமை
விரைவுத் தபால்

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. என் முதல் கடிதம் தபாலில் எங்கோ படுத்துக்கிடந்து திங்கட்கிழமைதான் உன் கைக்கு வந்தது என்று எழுதியிருக்கிறாய். முழுசாக ஒன்றரைப் பக்கம் என் விரலைப் பற்றி. தையல் எப்போது பிரிப்பது, ஈரம் படாமல் எப்படிக் குளிப்பது, சட்டைக்குப் பதில் பனியன் போட்டுக்கொண்டு போனால் யார் அடிக்கப் போகிறார்கள், போனில் ஏன் சொல்லித் தொலைக்கவில்லை. காரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் படித்ததும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டாம் கடிதத்தில் நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

கூரை சொட்டியது உண்மை. தெரியாமல் அணைத்தேன் என்பது பொய். அந்த நோட்டை நீ ஊருக்குப் போன மறுநாளே எடுத்துப் படித்திருந்தேன். அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்பு என்று தெரிந்துதான் படித்தேன். சிவப்பு வரி எனக்கு மனப்பாடம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது முதல் கேள்வியே "வண்டியைக் கிளப்பியாச்சா?" என்றாய். விரலைப் பற்றிக் கேட்கவில்லை. கடிதம் கிடைத்திருக்கும், படித்திருப்பாய், படித்தும் கேட்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நேராக ஷெட்டுக்குப் போய்க் காரை வெளியே எடுத்து, என்ன ஆகும் என்று தெரிந்தே சாவியைத் திருப்பி அணைத்தேன். இறந்துபோன ஒரு மனிதரோடு சண்டை போட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜெயித்தேனா என்றால் அதுவும் இல்லை. அவர் எழுதி வைத்ததைப் பார்த்தே அவர் காரைச் சரிபண்ண வேண்டியிருந்தது.

குழந்தையை அந்தக் காரில் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் ஆசையாகக் காத்திருப்பது தெரிந்தும் செய்தேன். அதுதான் என்னைத் தின்கிறது.

நேற்று லீவு போட்டுவிட்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஏதாவது ஒரு குறுக்கு வழி எழுதியிருக்க மாட்டாரா என்றுதான். நடுவில் ஒரு பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: "இன்றும் பெட்ரோல் தேங்கிவிட்டது. நான் பானெட் பக்கம் நின்றேன். அவள் சீட்டை ஐந்தாவது பல்லில் போட்டு, அழுத்தினாள். ஒரே தடவையில் கிளம்பிவிட்டது. இந்த வண்டிக்கு அவள் கால்தான் பிடித்திருக்கிறது."

நீ ஓட்டுவாய் என்றே எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்தில் நீ ஓட்டி நான் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். தண்டவாளத்தில் வரிசையாகப் பல், அதில் கொக்கி விழும் சாமான். லிஃப்ட் தண்டவாளத்தோடு முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எது அடிக்கடி புழங்கிய இடம் என்று தேய்மானத்தைப் பார்த்தாலே தெரியும். கடைசிப் பல் தேய்ந்திருக்கிறது. ஐந்தாவது பல் அதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது.

நோட்டின் கடைசி மூன்று பக்கம் உன் கையெழுத்து. தேதி, போன இடம், கிலோமீட்டர். ஆஸ்பத்திரி, 14. ஆஸ்பத்திரி, 14. மறுபடி மறுபடி அதுவே. கடைசி வரியில் தேதி இருக்கிறது, 14 இருக்கிறது, போன இடம் எழுதவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள்.

அந்தக் கடைசிப் பதினான்கில் பாதியை நீ அவர் இல்லாமல் தனியாக ஓட்டி வந்திருக்கிறாய். வந்து, ஷெட்டில் நிறுத்தி, சீட்டை அவர் இடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாய். நான் ஜன்னலில் நின்று கடிகாரம் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாய். என் கண்ணில் அது பட்டும் மண்டையில் ஏறவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மன்னித்துவிடு. அவர் இடம் தொலைந்துபோகக் கூடாது என்று கடைசிப் பல்லுக்கு நேராக வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டேன். துருவுக்கு ஆயில் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து இழுத்தேன். கீச்சென்று கத்திக்கொண்டு வந்து ஐந்தாவது பல்லில் கொக்கி விழுந்தது. உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்தது. கால் தரையைத் தொட்டது. என் காலும் உன் காலும் ஒரே அளவு, டீச்சர். இத்தனை நாளாக நாம் அளந்து பார்த்ததே இல்லை.

பிஸ்டன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன். ஒரு வாரத்துக்குக் காபி வாங்கித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தான். மறுபடி பிளக், மறுபடி ஆயில். அவன் பானெட் பக்கம் நின்றான், நான் அழுத்தினேன். முதல் தடவை இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் குபீரென்று பற்றிக்கொண்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை, மேல்வீட்டுக்காரர் வாளியோடு ஓடிவந்தார். இந்த முறை அணைக்கவில்லை. இருபது நிமிடமும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நேரம் அதில் உனக்கு என்ன வேலை என்று இனிக் கேட்க மாட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அது என் சொந்தச் சொத்து, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது சீட்டு விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு போகிறது. வெள்ளைக் கோட்டுக்குத் தள்ள ஒரு நொடி போதும். நீ வேண்டும் என்றால் 18ஆம் தேதி காலையில் நானே தள்ளிவிட்டு, நுனியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருகிறேன். கோபம் இருந்தால் அதையும் எழுது, திட்டியே எழுது. மகளிடம் நான் செய்ததைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். குட்டி மகாராணி நூறு வயசு நன்றாக இருக்கட்டும். அவள் வரும்போது வண்டி சூடாக இருக்கும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் பேசாமல் பின்சீட்டில் ஏறிக்கொள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஸ்டேஷன் வாசலில் இன்ஜினை அணைக்காமல் இறங்கி நிற்பேன். குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன், விரல் ஆறிவிட்டது. நீ ஓட்டு.

இப்படிக்கு,
உன்
லிஃப்ட்காரன்