மாடியிலிருந்து தெரியும் தோட்டம்

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கிறீர்களா, இல்லை நான் பக்கத்தில் நின்று திட்டினால்தான் குடிப்பீர்களா?

கண்காட்சிக்கு அனுப்பச் சொன்னீர்களே, நீங்கள் வரைந்த தோட்டப் படம், அதைக் கட்டி அனுப்புவதற்காக எடுத்தேன். நம் தோட்டம்தான். ஆனால் ரோஜாப் பாத்தி, மதில், சமையலறைக் கூரை எல்லாம் மேலிருந்து தெரிகின்றன. நமக்கு ஏது மாடி? பக்கத்து வீட்டு டீச்சரின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் இப்படித் தெரியும். அவள் தனியாக இருப்பவள். அங்கே எப்போது போனீர்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 8

என் வீட்டுப் போலீஸ்காரிக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதம் வந்ததும் தும்மல் ஆரம்பித்துவிட்டது.

இது இம்ப்ரெஷனிசம், அம்மணி. கண்டதை அல்ல, மனதில் பட்டதை வரைவது. மனசு மாடியேற யாரைக் கேட்க வேண்டும்? அந்த வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை, சத்தியம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

படத்தைச் சீக்கிரம் அனுப்பு. டீச்சரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்டு வைக்காதே.

உன்னவன்

மார்ச் 12

ஓவியர் அவர்களுக்கு,

கேட்காதே என்றீர்கள். அதனால்தான் கேட்டேன்.

முதலில் படத்தைக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். பாத்தி ஓரத்தில், கிட்டத்தில் வெறும் பழுப்புத் திட்டாக இருந்தது, தூரத்திலிருந்து ஓர் ஆளாகத் தெரிந்தது. வழுக்கை, இடுப்பில் ஒரு கை, முன்னால் வரைபலகை. நீங்கள்தான். தன் முதுகைத் தானே மாடியிலிருந்து பார்க்கிற மனிதர் உண்டா?

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூலையில் இருந்த உங்கள் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது நான் போட்ட படம்க்கா. ‘பாத்துட்டுக் கருத்து சொல்றேன்’னு மதில் வழியா வாங்கிட்டுப் போனாரு. அப்புறம், ‘ஒண்ணும் தேறாது, கிழிச்சுப் போட்டுட்டேன்’னாரு. அன்னையிலேர்ந்து நான் பிரஷ்ஷையே தொடலக்கா.”

சத்தியம் பொய்யில்லை, வாசலை நீங்கள் மிதிக்கவில்லை. அவளை விரும்பியிருந்தால்கூடச் சண்டை போட்டு, அழுது, என்றாவது மன்னித்திருப்பேன். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கையெழுத்தை நானே கத்தியால் சுரண்டினேன். அவள் தன் பெயரைப் போட்டாள். இன்று காலை இருவரும் போய்ப் படத்தை அனுப்பிவிட்டு வந்தோம்.

உங்களுடைய மற்ற படங்களையும் கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சாய்த்துவைத்து, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டுக்காரி