பழப்புளி போட்ட மயில்

ஓம், எரிச்சல்தான். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சனம் கலைகிற நேரம், உன் தங்கச்சி நீ நகைகள் போட்டு வைத்த பிஸ்கற் தகரப் பேணியை என் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு எங்கடை அண்ணையிலை எரிச்சலோ?"

மூடியைத் திறந்தேன். பழைய பித்தளை மணத்தது. அடியில், சீலையில் குத்துகிற அந்த மயில் புறூச் கிடந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீயும் அப்படித்தான். ஆனால் ஊர்சுற்றி என்ற பெயர் எனக்கு மட்டும். புளியங்கூடலிலிருந்து நாரந்தனை வரை ஒரே சைக்கிளில் போவோம். மிதிப்பது நான், முன் பாரில் குந்தியிருப்பது நீ. மலாயாவில் உழைத்துத் திரும்பினவர்களின் வீடென்றால் வாசல் படலையில் நின்று மணி அடிப்பாய். அலுமாரிக்குள் கிடக்கும் போலி நகைகள்தான் உனக்கு வேண்டும். முலாம் பூசிய புறூச், கண்ணாடிக் கல் தோடு. சீதனத்துக்கும் உதவாது, அடைவுகடையிலும் எடுக்கமாட்டார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டு தந்துவிடுவார்கள். தேத்தண்ணியும் தருவார்கள், முதலில் உனக்கு.

"முகத்தைப் பாக்காதையடா, முதுகைத் திருப்பு," என்பாய். புறூச்சின் ஊசி வெறும் கொக்கியில் மாட்டினால் பழசு. கொக்கிக்குப் பூட்டு இருந்தால் பிந்தியது. பிறகு சுவரில் தொங்கும் கலியாணப் படத்தில் அதே நகை இருக்கிறதா என்று தேடுவாய். கடைசியில் துண்டுக் கடதாசியில் எழுதுவாய்: 'சண்டைக்கு முன்', 'சண்டைக்குப் பின்'. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த சண்டை.

ஒருநாள் ஒரு வீட்டில் ஒரு சோடித் தோடு, நேற்று வாங்கினது மாதிரி மினுங்கியது. "புதுசு," என்றேன். முந்திச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

நீ திருப்பிப் பார்த்தாய். "பழசடா. இது காது குத்தாத வெள்ளைக்காரிக்குச் செய்தது, திருகி இறுக்கிறது. எங்கடை அக்காமாருக்குச் சின்னனிலையே காது குத்தியாச்சு. ஆர் போட்டது? அதுதான் தேயேல்லை."

வீட்டுக்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. "ஓமடா தம்பி! கொண்டந்த மனுசன் என்ரை காதை ஒருநாளும் பாத்ததில்லை!"

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. நாள் முழுக்க மிதித்தது நான், கண் மட்டும் உனக்கு.

நாரந்தனையில் ஒரு மலாயா வீட்டு மாமியின் மயில் புறூச்சுக்கு நீ ஆறு மாதம் காத்திருந்தாய். வாற வெள்ளிக்கிழமை தருவதாக மாமி சொன்னா. நான் வியாழக்கிழமையே போனேன். "அவன்தான் அனுப்பினவன், மாமி." நம்பித் தந்தா.

உன் முன்னால் அதை மினுக்கிக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் பித்தளையை வேறெப்படி மினுக்குவது? கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் குத்துவிளக்குக்குச் செய்கிறதைச் செய்தேன். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். முலாம் உரிந்து போனது. கல்லுகளுக்குப் பின்னால் பூசியிருந்த ரசத்துக்குள் தண்ணீர் இறங்கித் தோகை முழுக்கக் கறுத்தது. மயில் காகமாகிவிட்டது.

அப்படியே கொண்டுவந்து உன் முன்னால் போட்டேன். "மாமி எனக்குத்தான் தந்தவ. இப்பிடித்தான் கிடந்தது."

நீ முதுகைத் திருப்பினாய். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாய். "புளி மணக்குது," என்றாய். மயிலை உன் பேணிக்குள் போட்டு மூடினாய். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

மிச்சத்தை உன் தங்கச்சிதான் சொன்னாள். தன் மகளின் கலியாணத்தன்று ஒருக்கால் சீலையில் குத்தவென்று மயிலைக் கேட்டு மாமி உன் வீட்டுக்கு வந்தாவாம். "நான்தான் மாமி புளி போட்டுத் தேய்ச்சனான்," என்றாயாம் நீ.

"அது என்ரை மனுசன் எனக்கு முதல் முதல் வாங்கித் தந்தது. இனி என்ரை படலையைத் தாண்டாதை," என்றாவாம் மாமி.

அவவின் ட்றங்குப் பெட்டியில் இன்னும் எவ்வளவோ கிடந்தது. அதை ஒருமுறை கிளறிப் பார்க்க நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் படலையை எனக்காக மூடிக்கொண்டாய். பிறகு செங்கண்மாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பத்து நாளில் போய்விட்டாய். செத்தவீட்டுக்கு ஊரே வந்தது, மாமி வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மயிலோடு உன் கடதாசித் துண்டும் இருந்தது. 'சண்டைக்கு முன். கண்டுபிடித்தது', அதற்குப் பக்கத்தில் என் பெயர். எரியாமல் என்ன செய்யும்? பிழை விட்டதும் நான், பெரிய மனுசன் ஆனது நீ. இதிலும் முந்திவிட்டாய். இனி உன்னோடு போட்டி போடவும் ஏலாது.

இப்போது கடையில் ஒரு கரண்டி எடுத்தாலும் கை தானாக முதுகைத் திருப்புகிறது. உன் பழக்கம். வேண்டாம் என்றாலும் போகுதில்லை.

நீ செய்யாத ஒன்று மிச்சம் இருக்கிறது. உண்மையை மாமியிடம் சொல்வது. அதையாவது நான் செய்கிறேன். ஏசட்டும், படலையை எனக்கும் மூடட்டும். ஆனால் உன்மேல் இருக்கிற கோபத்தோடு அவ இன்னொரு நாள் இருக்கக் கூடாது.

பின்னேரம் மாமி கோயிலுக்கு வெளிக்கிட்டுவிடுவா. மயில் சேட்டுப் பொக்கற்றுக்குள் கிடந்து குத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றும் அடிக்க வேண்டும். சரி, நான் போக வேணும்.